தென்னையில் சுருள் வெள்ளை ஈ: எதை முதலில் செய்வது, எதை நிறுத்துவது

ஓலை கருத்துப்போனதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் நேராக மருந்துக்கடைக்குப் போகிறார்கள். இந்த வழிகாட்டியில் கடைப்பக்கம் போவது பாதி தூரம் கடந்த பிறகுதான், அதுவும் எல்லாத் தோப்புக்கும் தேவைப்படாது. காரணம் ஒன்றுதான். 2016-இல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் இந்த ஈ முதலில் தென்பட்டபோது, அதன் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அதை அடக்கும் என்கார்சியா என்ற சின்னக் குளவியும் யாரும் கொண்டுவந்து விடாமலேயே இங்கே வந்து சேர்ந்திருந்தது. உங்கள் தோப்பில் அது இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்க்காமல் எடுத்துவைக்கும் எந்த அடியும் வீண் செலவில்தான் போய் முடியும்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகப் பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஓலையின் கருப்பை உரிக்கும் மைதாக் கஞ்சியை முதலில் அடித்துவிட்டு, அப்புறம் பொறி கட்டி, நடுவில் மருந்தும் தெளித்து, கடைசியில் குளவியை விட்டால் ஒன்றை இன்னொன்று கெடுத்துவிடும்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று. இது இல்லாமல் தொடங்க வேண்டாம், மற்ற எல்லாமே இதற்கு அப்புறம்தான். நீளமான தொரட்டி, அல்லது மரம் ஏற ஆள். காகிதப் பைகள், ஸ்டேப்ளர், ஒரு நோட்டு. மஞ்சள் நிற பாலித்தீன் தாள், ஆமணக்கு எண்ணெய். உயரமான மரங்களின் ஓலை வரை தண்ணீரை வேகமாக அடிக்கக்கூடிய பவர் ஸ்பிரேயர், சொந்தமாக இல்லாவிட்டால் வாடகைக்கு.

நேரமும் முக்கியம். மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கும் தை, மாசியிலேயே முதல் சோதனையைச் செய்துவிடுங்கள். காய்ந்த மாதங்களில் ஈ பெருகும், நல்ல கனமழை விழுந்தால் தானாகவே இறங்கும். சித்திரையில் தோப்பே கருத்த பிறகு ஓட ஆரம்பித்தால் எல்லா வேலையும் இரட்டிப்பாகிறது.

1. வந்திருப்பது இந்த ஈதானா என்று உறுதி செய்யுங்கள்

அடி மட்டை ஒன்றை இறக்கி, கீற்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளை மெழுகுப் பொடி சுருள் சுருளாக, கோலமாவு இழுத்ததுபோல் வளைந்து கிடந்தால் அது சுருள் வெள்ளை ஈயின் முட்டை வரிசை. பக்கத்திலேயே தட்டையான குஞ்சுகளும், மாவு பூசினாற்போல் ஈக்களும் இருக்கும்.

சுருள் இல்லாமல் சின்னச் சின்ன வட்டமாக, பஞ்சுக்கூடு கட்டியதுபோல் இருந்து, நடுவில் ஒரு குட்டி ஈ உட்கார்ந்திருந்தால் அது கூடு கட்டும் வெள்ளை ஈ. இரண்டும் ஒரே கீற்றில் சேர்ந்து இருப்பதும் உண்டு. பிரித்துப் பார்ப்பது எதற்கென்றால், என்கார்சியா குளவி அடக்குவது சுருள் ஈயைத்தான். கூடு கட்டும் ஈ மட்டும் நிறைந்திருக்கும் தோப்பில் 7-ஆம் படி வேலை செய்யாது.

இன்னொரு குழப்பத்தையும் அடிக்கடி பார்க்கிறேன். ஓலை மஞ்சளாகி, கீற்றுகள் விலா எலும்புபோல் உள்பக்கமாக வளைந்து தொங்கினால் அது வேர் வாடல் நோயின் அறிகுறி. ஓலையின் அடிப்பக்கம் சுரண்டித் தின்னப்பட்டு, எச்சமும் நூலும் சேர்ந்த கூடு ஓடினால் கருந்தலைப்புழு. ஆனைமலைப் பக்கம் வேர் வாடலும் வெள்ளை ஈயும் ஒரே தோப்பில் கிடக்கும்போது எல்லாப் பழியையும் ஈயின் மேல் போட்டுவிட்டு வாடல் நோயைக் கவனிக்காமல் விடுகிறார்கள், அந்த நோய் நாளடைவில் மரத்தையே நலிய வைத்துவிடும். ஈ மரத்தைக் கொல்வதில்லை. சாற்றை உறிஞ்சி, ஓலையைக் கருக்கி, மரத்தை மெலிய வைக்கும்.

2. எண்ணுங்கள்

தோப்பின் நாலு மூலையிலும் நடுவிலுமாக மரங்களைத் தேர்ந்தெடுங்கள். சௌகாட் ஆரஞ்சு, மலேசியன் மஞ்சள் போன்ற குட்டை ரகங்களும் ஒட்டு ரகங்களும் இருந்தால் அவை கட்டாயம் பட்டியலில் இருக்க வேண்டும். ஈ முதலில் ஏறுவதும் அதிகமாகப் பெருகுவதும் அவற்றில்தான். நெட்டையை மட்டும் பார்த்துவிட்டு "நம்ம தோப்புல அவ்வளவா இல்லீங்க" என்று சொல்பவர்கள் வரப்போரத்து இளநீர் மரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு மரத்திலும் வெளிவட்டத்து மட்டை ஒன்றிலிருந்து நாலு கீற்று எடுங்கள். உயிருள்ள சுருள்களை எண்ணுங்கள். கீற்றுக்கு 10-க்குள் என்றால் குறைவு, 10 முதல் 20 வரை நடுத்தரம், 20-க்கு மேல் கடுமை. பழைய, காய்ந்த மெழுகுத் தடத்தை இதில் சேர்க்கக் கூடாது. விரலால் தேய்த்தால் வெறும் பொடியாக உதிர்வது பழசு. லென்ஸில் முட்டையோ குஞ்சோ தெரிவதுதான் கணக்கு.

இப்போது இரண்டாவது எண்ணிக்கை, எனக்கு இதுதான் முதன்மையானது. அதே கீற்றில் கூட்டுப்புழுக்களை லென்ஸில் பாருங்கள். ஆரோக்கியமானவை வெளிறி, மெழுகு இழைகளோடு இருக்கும். குளவி முட்டையிட்டவை கருத்திருக்கும். காலியான கூடுகளையும் கவனியுங்கள். ஈ வெளியேறிய கூட்டில் முதுகு கிழிந்து பிளவுபட்டிருக்கும். குளவி வெளியேறிய கூட்டில் ஊசியால் குத்தியதுபோல் சுத்தமான வட்டத் துளை ஒன்று இருக்கும். ஒருமுறை அந்த வட்டத் துளையைக் கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது, அப்புறம் ஓலையைத் திருப்பும்போதெல்லாம் கண் அதைத்தான் தேடும்.

கருப்பும் துளையும் சேர்ந்து பாதியைத் தாண்டினால் குளவி வேலையைக் கையில் எடுத்துக்கொண்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். அப்படிப்பட்ட தோப்பில் 4 முதல் 7 வரையான படிகளை விட்டுவிட்டு, 3-ஐ முடித்து நேராக 8-க்குப் போகலாம். எல்லாவற்றையும் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். நினைவில் வைத்துக்கொள்வதாகச் சொல்பவர்கள் அடுத்த மாதம் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

3. நிறுத்த வேண்டியவற்றை நிறுத்துங்கள்

முதலாவது, ரசாயனப் பூச்சிக்கொல்லி. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் சரி, பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகமும் சரி, இந்த ஈக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. தெளித்த முதல் வாரம் ஈ குறைந்ததுபோல் தெரியும். மெழுகுக்கு அடியில் இருக்கும் முட்டையும் குஞ்சும் பெரும்பாலும் தப்பிவிடும், வெளியில் திரியும் குளவிதான் முதலில் சாகும். அடுத்த தலைமுறை ஈ எதிரியே இல்லாத தோப்பில் பிறக்கிறது.

வேர் வழியாகப் பூச்சிக்கொல்லி கட்டுவதையும் இந்த ஈக்காகச் செய்யாதீர்கள். அந்த மரத்து இளநீரை யாரோ ஒருவர் குடிக்கப் போகிறார்.

இரண்டாவது, அடி மட்டைகளை வெட்டி எரிப்பது. கருத்து அசிங்கமாக இருக்கிறது என்று இதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். ஆனால் கருத்த கூட்டுப்புழுக்கள், அதாவது வெளிவரக் காத்திருக்கும் குளவிகள், அதிகம் இருப்பது அந்த முதிர்ந்த மட்டைகளில்தான். பச்சை மட்டையை வெட்டினால் மரத்தின் சமையலறையையே வெட்டுகிறீர்கள், கூடவே குளவிப் பண்ணையையும் எரிக்கிறீர்கள். தானாகக் காய்ந்து தொங்குவதை மட்டும் எடுங்கள், அதையும் எரிக்காமல் தோப்பிலேயே மூடாக்காகப் போடுங்கள்.

4. தண்ணீரை அடிப்பக்கம் பாய்ச்சி அடியுங்கள்

நடுத்தரம் அல்லது கடுமை என்று எண்ணிக்கை வந்தால் இங்கிருந்து தொடங்குங்கள். வெறும் தண்ணீர்தான். பவர் ஸ்பிரேயரில் வேகமாக, கீழிருந்து மேல்நோக்கி, ஓலையின் அடிப்பக்கத்தில் படும்படி அடிக்க வேண்டும். ஈக்களும் இளங்குஞ்சுகளும் உதிரும், மெழுகும் கழன்று போகும். அடுத்து ஏதாவது தெளிக்க வேண்டியிருந்தாலும் மெழுகு போன பிறகுதான் அது பூச்சியின் மேல் படும்.

இதில் நடக்கும் பெரிய தவறு, மேலிருந்து தெளிப்பது. ட்ரோன் வந்த பிறகு இது கூடியிருக்கிறது. ட்ரோன் தெளிப்பதில் பெரும்பகுதி ஓலையின் மேல்பக்கத்தில் விழுகிறது, ஈ உட்கார்ந்திருப்பதோ அடிப்பக்கத்தில். நெட்டை மரங்களுக்கு எட்டவில்லை என்றால் எட்டுகிற குட்டை மரங்களுக்கும் இளம் மரங்களுக்கும் மட்டுமாவது செய்யுங்கள். ஈ அதிகம் பெருகுவது அங்கே என்பதால் அதற்கே பலன் தெரியும்.

5. மஞ்சள் ஒட்டுப்பொறி

5 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் மஞ்சள் தாளை வெட்டி, இரண்டு பக்கமும் ஆமணக்கு எண்ணெய் தடவி, ஏக்கருக்கு 8 என்ற கணக்கில் தரையிலிருந்து 6 அடி உயரத்தில் மரங்களுக்கு நடுவே கட்டுங்கள். மஞ்சள் நிறம் ஈயை இழுக்கும். மரத்தைச் சுற்றியும் தாளைக் கட்டலாம். மின்சாரம் இருக்கிற தோப்பில் மஞ்சள் பல்பு ஒன்றின் பக்கத்தில் எண்ணெய்த் தாளைத் தொங்கவிட்டு, ஏக்கருக்கு 2 என்று இரவு 7 முதல் 11 வரை எரியவிட்டால் இன்னும் அதிகமாக விழும்.

கட்டிவிட்டு மறந்துவிடுவதுதான் இங்கே பிரச்சினை. தூசியும் செத்த ஈயும் படிந்த தாளில் எதுவும் ஒட்டாது. வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெயைப் புதிதாகத் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், எளிதில் துடைக்க வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தாள் நல்லது கெட்டது பார்க்காது, குளவியும், ஈயின் இன்னொரு எதிரியான கண்ணாடி இறக்கைப் பூச்சியும்கூட அதில் ஒட்டும். அதனால் ஈக்கூட்டம் அதிகமாகப் பறக்கும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டும் கட்டி, 7-ஆம் படிக்கு முன்னால் கழற்றிவிடுங்கள். வருடம் முழுக்கத் தொங்கும் பொறிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

6. கடுமையான தோப்புக்கு மட்டும்: இசேரியா அல்லது வேப்பெண்ணெய்

கீற்றுக்கு 20 சுருளுக்கு மேல், கருத்த கூட்டுப்புழுவோ தேடினாலும் இல்லை என்ற நிலையில்தான் இந்தப் படி. இசேரியா என்பது வெள்ளை ஈயில் நோய் உண்டாக்கும் பூஞ்சணம். லிட்டருக்கு 5 கிராம், அதோடு ஒட்டும் திரவம் கொஞ்சம் சேர்த்து, ஓலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். 15 நாள் விட்டு இன்னொரு முறை.

மாலையில் தெளியுங்கள். இது உயிருள்ள சரக்கு, உச்சி வெயிலில் தெளித்தால் வித்துகள் முளைக்கும் முன்பே செத்துப்போகும். ஈரம் இருந்தால்தான் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் சொட்டு நீரோ வாய்க்கால் தண்ணீரோ விட்ட நாளில் தெளிப்பது இன்னும் நல்லது. வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள், கடையில் தகரக் கூரைக்கு அடியில் வெந்துகொண்டிருந்த பாக்கெட்டை வாங்காதீர்கள். எந்தப் பூஞ்சணக்கொல்லியோடும் கலக்கக் கூடாது.

இசேரியா கிடைக்காத இடத்தில் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெய் தண்ணீரில் கரையாது, ஒட்டும் திரவம் அல்லது காதி சோப்புக் கரைசல் சேர்த்துக் கலக்கி வெண்மையாக வந்த பிறகே டேங்கில் ஊற்றுங்கள். இரண்டில் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்து அடிப்பதில் பலன் இல்லை. தெளித்த பிறகு அடுத்த படிக்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

7. என்கார்சியா குளவியைக் கொண்டுவந்து விடுவது

இந்தப் படிதான் நீண்ட நாளுக்கு நிற்கும், இதில்தான் அவசரமும் அதிகம். வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 10 மரத்துக்கு ஒரு ஓலைத்துண்டு. துண்டு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மருந்து அடிக்காத, ஈ வந்து சில காலம் ஆகி இறங்கிக்கொண்டிருக்கும் தோப்பைக் கண்டுபிடியுங்கள். உங்கள் ஊரிலேயே கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஏதாவது வீட்டுத் தோட்டம் இதற்குப் பொருத்தமாக இருக்கும். அங்கே முதிர்ந்த மட்டையின் கீற்றுகளை லென்ஸில் பார்த்து, கருப்பாக, ஆனால் இன்னும் துளை விழாமல் இருக்கும் கூட்டுப்புழுக்கள் நிறைந்தவற்றை மட்டும் எடுங்கள். துளை விழுந்தவை காலி. கருப்பைப் பார்த்த சந்தோஷத்தில் காலிக் கூடுகளை அள்ளிவந்து கட்டிவிட்டு, குளவி வரவே இல்லை என்று சொல்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெட்டிய கீற்றில் பறக்கும் ஈக்களை அங்கேயே தட்டிவிட்டு, உயிருள்ள சுருள்களை மெல்லிய தூரிகையால் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் குளவியோடு ஈயையும் சேர்த்து இறக்குமதி செய்கிறீர்கள். காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். அன்றைக்கே, காலையிலோ மாலையிலோ, உங்கள் மரத்தில் ஈ உள்ள கீற்றின் அடிப்பக்கத்தில் துண்டை ஸ்டேப்ளர் போட்டுப் பொருத்துங்கள். தரையில் போட்டால் எறும்பு தின்றுவிடும், மேல்பக்கம் கட்டினால் வெயிலில் காய்ந்துவிடும்.

வெள்ளை ஈ ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எனவே கட்டிய மறுவாரமே கருப்பைத் தேடாதீர்கள். ஒரு மாதம் கழித்து 2-ஆம் படியின் எண்ணிக்கையைத் திரும்பச் செய்யுங்கள்.

தோப்பின் ஓரங்களில் கல்வாழையும் வாழையும் கொஞ்சம் இருக்கட்டும். அவற்றிலும் இந்த ஈ வரும், அதோடு குளவியும் வரும். தென்னையில் ஈ குறைந்த மாதங்களில் குளவி பட்டினி கிடக்காமல் அங்கே தங்கிக்கொள்ளும். அவற்றுக்கும் மருந்து அடிக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

8. கண்ணாடி இறக்கைப் பூச்சி

இதன் புழு வெள்ளை ஈயின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். முட்டை ஒட்டிய அட்டைகள் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்களில் கிடைக்கும், பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கம். ஏக்கருக்கு 400 முட்டை. முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், போன அன்றே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வாங்கி வந்ததும் சின்னத் துண்டுகளாக வெட்டிப் பல மரங்களில் பிரித்துக் கட்டுங்கள். ஒரே இடத்தில் விட்டால் புழுக்கள் ஒன்றையொன்று தின்னும்.

9. கரும்பூசணத்தைக் கடைசியாகத் துடைப்பது

ஈ கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ் ஓலைகளின் மேல்பக்கம் விழுந்து, அதில் வளர்வதுதான் அந்தக் கருப்பு. ஈ குறையாமல் கருப்பை மட்டும் அகற்றினால் சில வாரத்தில் திரும்ப வந்துவிடும். அதனால்தான் இதை இத்தனை கீழே வைத்திருக்கிறேன்.

1 கிலோ மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கவைத்துக் கஞ்சியாக்கி, ஆறியதும் மொத்தம் 40 லிட்டர் வரும்வரை தண்ணீர் சேருங்கள். லிட்டருக்கு 25 கிராம் என்ற கணக்கு அதுதான். துணியில் வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்து நாள் முழுக்க அதையே குத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். நல்ல வெயில் நாளில் ஓலையின் மேல்பக்கம் தெளியுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் மேல்பக்கம். சில நாளில் பசை காய்ந்து, கருப்பையும் பெயர்த்துக்கொண்டு சருகாக உதிரும். மழை மேகம் இருக்கும் நாளில் செய்தால் பசை காயாமல் ஒழுகிப்போகும்.

மழைக்காலம் பக்கத்தில் இருந்தால் இந்தப் படியையே விட்டுவிடலாம், மழை கழுவிக்கொள்ளும்.

10. மரத்துக்குச் சாப்பாடு

சாறு இழந்த மரத்துக்கு உரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 5 வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு வருடத்துக்குத் தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 5 கிலோ. ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து ஆனி–ஆடியிலும் மார்கழி–தையிலும், மரத்தைச் சுற்றி 6 அடி ஆரமுள்ள வட்டப் பாத்தியில் இட்டுக் கொத்தித் தண்ணீர் விடுங்கள். ஓலை வெளுத்திருக்கிறதே என்று யூரியாவை மட்டும் கூட்டிப் போடுவது ஈக்கு விருந்து வைப்பது. இளசான சாறுள்ள ஓலையைத்தான் அது விரும்பும். பொட்டாஷைக் குறைக்காதீர்கள்.

வேர் வழியாக ஏற்றும் சத்துக் கரைசலான தென்னை டானிக் கட்டுவதானால் 6 மாதத்துக்கு ஒருமுறை மரத்துக்கு 200 மில்லி. பென்சில் கனத்தில், உயிருள்ள வேராகப் பார்த்துச் சாய்வாக வெட்டி, டானிக் உள்ள பையின் அடி வரை நுழைத்துக் கட்டுங்கள். காய்ந்த கருப்பு வேரில் கட்டினால் ஒரு சொட்டும் ஏறாது, மறுநாள் பை நிறைய அப்படியே இருந்தால் வேறு வேர் தேடுங்கள்.

11. திரும்ப எண்ணுவதும், புதிதாக வராமல் பார்ப்பதும்

மாதம் ஒருமுறை அதே மரங்களில் அதே முறையில் எண்ணுங்கள். சுருள் குறைந்து கருப்பு கூடினால் எதுவும் செய்யாதீர்கள், சும்மா இருப்பதும் இங்கே ஒரு வேலைதான். இரண்டு மாதம் கழித்தும் கருப்பு ஏறவில்லை என்றால் பக்கத்துத் தோப்பில் மருந்து அடிக்கிறார்களா என்று போய்க் கேளுங்கள், பெரும்பாலும் விடை அங்கே கிடைக்கும். அவரைக் கூப்பிட்டு லென்ஸைக் கையில் கொடுத்து அந்த வட்டத் துளையைக் காட்டுங்கள், பேசிப் புரியவைப்பதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

தென்னங்கன்று, வாழைக்கட்டை, அழகுச்செடி எது வாங்கினாலும் வண்டியில் ஏற்றும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். இந்த ஈ ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் இப்படித்தான். சந்தேகம் இருந்தால் தோப்புக்குள் கொண்டுபோகாமல் இரண்டு வாரம் வீட்டுப் பக்கம் வைத்துக் கவனித்துவிட்டு நடுங்கள், சுருள் தெரிந்தால் அந்த இலைகளை மட்டும் நறுக்கிச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள்.